ஊட்டி மலையில் வேலை, ஓயாத தமிழ்ப் படிப்பு: ஜி.யு. போப் வாழ்ந்த வாழ்க்கை

தமிழ்ப்பள்ளியில் படித்தவர்களுக்கு ஜி.யு. போப் புதிய பெயரல்ல. திருக்குறளை ஆங்கிலத்தில் மொழிபெயர்த்தவர், ஆக்ஸ்ஃபர்டில் தமிழ் கற்பித்தவர் என்று பாடநூலிலேயே படித்திருப்போம். ஆனால் அவர் வாழ்க்கையின் நடுப்பகுதியில் 11 ஆண்டுகள் ஒரு மலை நகரத்தில் கழிந்தன. அங்கே அவர் வேலை பார்த்துக்கொண்டே படித்தார். மேடைகளில் அதிகம் பேசப்படாத அந்த ஆண்டுகள்தான் பத்தாங் பெர்ஜுந்தாய் வட்டாரக் குடும்பங்களுக்கு மிக நெருக்கமானவை.

காரணம் நமக்கே தெரியும். எஸ்.பி.எம். முடிந்த கையோடு நம் பிள்ளைகள் பலர் கெந்திங் மலைக்கும் கேமரன் மலைக்கும் ஹோட்டல் வேலைக்கு ஏறுகிறார்கள். இன்னும் சிலர் வெளிநாடு போய், பகுதி நேர வேலை செய்தபடி படிக்கிறார்கள். பிள்ளை சம்பளம் வாங்கத் தொடங்கியதும் படிப்பு அத்தோடு முடிந்தது என்று வீட்டில் முடிவு கட்டிவிடுகிறோம். போப்பின் வாழ்க்கை அந்த முடிவைக் கேள்வி கேட்கிறது.

ஜார்ஜ் உக்லோ போப் 1820 ஏப்ரல் 24ஆம் நாள் இன்றைய கனடாவின் பிரின்ஸ் எட்வர்ட் தீவில் பிறந்தார். அவருடைய தந்தை பிழைப்புத் தேடி இங்கிலாந்தின் கார்ன்வால் பகுதியிலிருந்து அந்தத் தீவுக்குக் குடியேறியவர். போப் சிறு பிள்ளையாக இருந்தபோதே, 1826இல், குடும்பம் இங்கிலாந்தின் பிளிமத் நகருக்குத் திரும்பியது. கடல் கடந்து போவதும் திரும்புவதும் அந்த வீட்டுக்குப் பழகிப்போன ஒன்று.

சமயப் பணிக்காகத் தென்னிந்தியா செல்வது என்று இளம் வயதிலேயே முடிவு செய்துவிட்டார். தமிழ் எழுத்துகளை இங்கிலாந்தில் இருந்தபோதே படிக்கத் தொடங்கினார். 1839இல் சென்னையில் இறங்கியபோது அவருக்கு 20 வயது நிரம்பவில்லை. அங்கே இராமாநுச கவிராயரிடம் இலக்கணமும் இலக்கியமும் பாடம் கேட்டார். ஆட்சி செய்யும் இனத்தைச் சேர்ந்த இளைஞர் ஒருவர் தமிழ்ப் புலவரிடம் மாணவராக உட்கார்ந்தார். அன்றைய நிலையில் இது சிறிய விஷயமல்ல. வீட்டு வேலையாட்களிடம் பேசும் அளவுக்குத் தமிழ் தெரிந்தால் போதும் என்று பல வெள்ளைக்காரர்கள் இருந்துவிட்ட காலம் அது.

1842இல் தூத்துக்குடிக்குப் பக்கத்திலுள்ள சாயர்புரத்துக்குப் போனார். அங்கே பள்ளியும் குருமாணவர்களுக்கான கல்வி நிலையமும் நடத்தினார். அவர் பெயரைத் தாங்கிய போப் கல்லூரி இன்றும் அவ்வூரில் இருக்கிறது. ஆனால் அந்த ஆண்டுகள் எளிதாக அமையவில்லை. 1841இல் அவர் மணந்த மேரி கார்வர் 1845இல் காலமானார். போப் கண்டிப்பு மிகுந்த ஆசிரியர். அந்தக் கண்டிப்பு பலருக்குக் கசந்தது. 1849இல் ஹென்ரியட்டா என்பவரை மறுமணம் செய்துகொண்டார். 1851 முதல் தஞ்சாவூரில் பணியாற்றினார். அங்கும் உடன் பணியாற்றியவர்களோடு பிணக்குகள் எழுந்தன.

தஞ்சையில் இருந்த காலத்தில் அவர் தமிழ் கற்போருக்கான பாடநூல்களை எழுதத் தொடங்கினார். வெளிநாட்டார் எளிதில் புரிந்துகொள்ளும் வகையில், எளிய வாக்கியத்தில் தொடங்கிப் படிப்படியாக உயரும் நூல்கள் அவை. தமிழ்ச் செய்யுள்களைத் தொகுத்து, இலக்கணக் குறிப்பும் சொற்பொருளும் சேர்த்து 1859இல் ஒரு நூல் வெளியிட்டார். அதே ஆண்டில் அவர் வாழ்க்கை வேறு பக்கம் திரும்பியது. சமவெளியை விட்டு நீலகிரி மலைக்கு ஏறினார்.

அன்றைய ஊட்டி எப்படிப்பட்ட ஊர் என்பதைக் கொஞ்சம் சொல்ல வேண்டும். கடல் மட்டத்திலிருந்து சுமார் 2,200 மீட்டர் உயரத்தில் உள்ள நகரம் அது. நம் கெந்திங் மலை உச்சியை விடவும் உயரம். 1820களில் கோயம்புத்தூர் கலெக்டர் ஜான் சல்லிவன் அங்கே வீடு கட்டியதிலிருந்து வெள்ளைக்காரர்கள் கோடை வெயிலுக்குத் தப்பி ஓடும் இடமாக அது வளர்ந்தது. மலை ரயில் ஊட்டியை எட்டியது 1908இல்தான். போப் போன காலத்தில் மாடும் குதிரையும் பல்லக்கும்தான் வழி. கவர்னர்கள், படை அதிகாரிகள், நோயிலிருந்து தேறி வருபவர்கள், காப்பித் தோட்டத் துரைமார்கள் என்று அவ்வூர்க்கூட்டம் வேறு விதமானது. அவர்களுக்குச் சமைத்ததும் சுமை தூக்கியதும் தோட்டம் பார்த்ததும் கீழிருந்து ஏறி வந்த ஏழை மக்கள்.

அந்த ஊரில் போப் 1859இல் ஓர் ஆங்கில இலக்கணப் பள்ளியைத் தொடங்கி, 1870 வரை அதன் தலைமையாசிரியராக இருந்தார். அங்கே படித்தவர்கள் ஐரோப்பியர் வீட்டுப் பிள்ளைகள். கற்பித்தவை இங்கிலாந்துப் பள்ளிகளில் கற்பிக்கும் பாடங்கள். அதாவது, அவருடைய சம்பளத்துக்குத் தமிழ் தேவைப்படவில்லை. 20 ஆண்டுகளாகச் சேர்த்த தமிழறிவை ஒரு பெட்டியில் பூட்டி வைத்துவிட்டுக் குளிருக்கு இதமாக வாழ்ந்திருக்கலாம். யாரும் கேட்டிருக்கமாட்டார்கள்.

அவர் பூட்டி வைக்கவில்லை. ஊட்டியில் இருந்தபோதும் தமிழ் கற்பிக்கும் கைநூல்களைத் திருத்தி வளர்ப்பதை விடவில்லை. தென்னிந்திய மக்களின் பழக்கவழக்கங்களைப் பற்றி அபே துபுவா எழுதிய புகழ்பெற்ற நூலைக் குறிப்புகளோடு பதிப்பித்தார். அது 1862இல் சென்னையில் வெளிவந்தது. 1864இல் காண்டர்பரி பேராயர் அவருக்கு இறையியல் முனைவர் பட்டம் வழங்கினார். பள்ளி மாணவர்களுக்காக இந்திய வரலாற்றுப் பாடநூல் ஒன்றையும் எழுதினார்.

இதைவிடக் குறிப்பிட வேண்டியது தோடர் மொழி. நீலகிரியில் எருமை மேய்த்து வாழ்ந்த தோடர்கள் எண்ணிக்கையில் சில நூறு பேர்தான். எழுத்து இல்லாத மொழி. விடுமுறைக்கு வந்த துரைமார்கள் அவர்களை வேடிக்கை பார்த்தார்கள். படம் எடுத்தார்கள். போப் அவர்கள் பேசும் மொழியின் இலக்கணத்தைச் சுருக்கமாக வரைந்தார். தோடர்களைப் பற்றி மார்ஷல் என்ற படை அதிகாரி எழுதி 1873இல் வெளிவந்த நூலில் அந்த இலக்கணம் சேர்க்கப்பட்டது. தோடர் மொழியும் தமிழோடு உறவுடைய திராவிட மொழியே. பிழைக்கப் போன மலையில் பக்கத்தில் இருந்தவர்களின் பேச்சையே அவர் பாடமாக்கிக்கொண்டார் என்பது இங்கே கவனிக்க வேண்டியது.

ஊட்டிக்குப் பின் பெங்களூரில் பிஷப் காட்டன் பள்ளிக்குத் தலைமை ஏற்றார். அதுவும் ஆங்கிலப் பள்ளிதான். அங்கிருந்த காலத்தில் திருக்குறளைப் பற்றிய கட்டுரைகளை ஆய்விதழில் எழுதிவந்தார். 1880களின் தொடக்கத்தில் இங்கிலாந்து திரும்பியபோது வயது 60ஐத் தாண்டிவிட்டது. பெரும்பாலோர் ஓய்வெடுக்கும் வயதில் அவருடைய பெரிய வேலைகள் தொடங்கின.

1884இல் ஆக்ஸ்ஃபர்ட் பல்கலைக்கழகத்தில் தமிழும் தெலுங்கும் கற்பிக்கும் பொறுப்பு கிடைத்தது. 1886இல் திருக்குறள் மொழிபெயர்ப்பு வெளிவந்தது. 1,330 குறள்களையும் ஆங்கிலச் செய்யுளாகவே தந்தார். விளக்கக் குறிப்புகளும் சொல்லகராதியும் உடன் இருந்தன. 1893இல் நாலடியார் வந்தது. அடுத்து எடுத்தது திருவாசகம். அந்த வேலை மிக நீண்டது, முடிக்க ஆயுள் போதுமா என்ற தயக்கம் அவருக்கு இருந்தது. பேலியல் கல்லூரித் தலைவர் பெஞ்சமின் ஜோவெட்டிடம் அதைச் சொன்னபோது, கையில் பெரிய வேலை ஒன்று இருப்பதுதான் நீண்ட நாள் வாழ வழி, அதை முடிக்கும்வரை இருப்பீர்கள் என்று அவர் தேற்றினாராம். ஜோவெட் 1893இல் மறைந்தார். போப் வேலையை முடித்தார். 1900இல், தம் 80ஆவது பிறந்த நாளில், திருவாசக நூலுக்கு முன்னுரை எழுதிக் கையெழுத்திட்டார். 1906இல் அரச ஆசியக் கழகம் அவருக்குத் தங்கப் பதக்கம் அளித்தது. 1908 பிப்ரவரி 11ஆம் நாள் காலமானார். ஊட்டிக்கு ரயில் போய்ச் சேர்ந்ததும் அதே ஆண்டில்தான்.

அவரைப் பற்றி நம் மேடைகளில் அடிக்கடி சொல்லப்படும் கதை ஒன்று உண்டு. தம் கல்லறையில் தம்மை ஒரு தமிழ் மாணவன் என்று பொறிக்கச் சொன்னார், அப்படியே பொறிக்கப்பட்டது என்பது அந்தக் கதை. ஆக்ஸ்ஃபர்டின் புனித செபல்கர் கல்லறைத் தோட்டத்தில் உள்ள கல்லில் அந்த வாசகம் இல்லை. அவர் தென்னிந்தியாவைச் சேர்ந்தவர் என்றும், பல்கலைக்கழகத்தில் தமிழும் தெலுங்கும் கற்பித்தவர் என்றும் கல் சொல்கிறது. அவருடைய குடும்பத்தாரும் தென்னிந்தியத் தமிழ் நண்பர்களும் சேர்ந்து அதை நிறுத்தினார்கள் என்ற குறிப்பும் இருக்கிறது. பேச்சுப் போட்டிக்குத் தயாராகும் மாணவர்களும் அவர்களுக்கு எழுதிக் கொடுக்கும் ஆசிரியர்களும் இதைக் கவனத்தில் கொள்ளலாம். இல்லாத வாசகத்தைவிட, தமிழ் நண்பர்கள் பங்கெடுத்து எழுப்பிய கல் என்ற உண்மையே அவருக்குப் பெருமை.

போப் எல்லாராலும் ஒப்புக்கொள்ளப்பட்டவர் அல்லர். அவர் சமயப் பணியாளராக வந்தவர். வள்ளுவர் கிறிஸ்தவப் போதனையைக் கேட்டிருக்கக்கூடும் என்று அவர் கருதியதைத் தமிழறிஞர்கள் பலர் மறுத்துள்ளனர். அந்த மறுப்பு நியாயமானது. அவருடைய கருத்தை ஏற்காதவர்களும் அவர் உழைப்பை மறுப்பதில்லை.

இன்னொன்றையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். ஊட்டிப் போப்பும் கெந்திங்கில் வேலை செய்யும் நம் பையனும் ஒன்றல்ல. அவர் தலைமையாசிரியர், ஆளும் இனத்தவர், வீட்டு வேலைக்கு ஆள் வைத்துக்கொள்ளக்கூடியவர். நம் பிள்ளைகள் ஷிப்டு மாறி மாறி நின்று, விடுதியில் நாலைந்து பேரோடு ஒரே அறையில் படுத்து எழுகிறார்கள். போப் படித்தாரே, நீ ஏன் படிக்கவில்லை என்று அவர்களைக் கேட்பது அநியாயம்.

கேட்க வேண்டியது வீட்டாரை. மலைக்குப் போன மகனோ மகளோ வேலையில் சேர்ந்த அன்றே படிப்புக் கணக்கை மூடியது யார்? பெரும்பாலும் நாம்தான். எஸ்.டி.பி.எம். தேர்வைத் தனியார் மாணவராகவும் எழுதலாம். வேலை செய்பவர்களுக்காகவே 2000ஆம் ஆண்டு தொடங்கப்பட்ட மலேசியத் திறந்தநிலைப் பல்கலைக்கழகம் இருக்கிறது. ஹோட்டல் சமையலறையிலும் வரவேற்பு மேசையிலும் கற்ற வேலையைத் திறன் சான்றிதழாக மாற்றும் வழியும் இருக்கிறது. விடுதியில் உடன் தங்கும் நேப்பாளத் தொழிலாளியிடம் அவர் மொழியில் நாலு வார்த்தை கற்றால் அதுவும் படிப்புதான். வீட்டுக்கு அனுப்பும் பணத்தில் ஒரு பங்கைத் தன் படிப்புக்கு வைத்துக்கொள் என்று பெற்றோர் சொன்னால், அந்தச் சொல்லே பாதி உதவி.

போப் தமிழகத்தில் கால் வைத்த ஆண்டுக்கும் திருக்குறள் மொழிபெயர்ப்பு வெளிவந்த ஆண்டுக்கும் இடையே 47 ஆண்டுகள். அவற்றில் 11 ஆண்டுகள் ஊட்டி மலையில், தமிழ் தேவைப்படாத ஒரு வேலையில் போயின. அந்த 11 ஆண்டுகளில் அவர் புத்தகத்தை மூடியிருந்தால், நம் பிள்ளைகள் அவர் பெயரைப் பாடநூலில் படித்திருக்கமாட்டார்கள். 18 வயதில் மலையேறும் பிள்ளைக்கு முன்னால் அதைவிட நீண்ட காலம் இருக்கிறது.