சாய்ந்த எழுத்தின் ஆசான்

கணினியில் தட்டச்சு செய்யும்போது திரையின் மேலே மூன்று சிறு பொத்தான்கள் வரிசையாக இருப்பதைப் பார்த்திருப்பீர்கள். முதல் பொத்தானை அழுத்தினால் எழுத்து தடிக்கும். மூன்றாவது, அடிக்கோடு போடும். நடுவில் உள்ளதை அழுத்தினால் எழுத்துகள் எல்லாம் காற்றில் சாயும் நெற்பயிர் போல வலப்பக்கம் சாய்ந்துவிடும். இதற்கு 'இத்தாலிக்' என்று பெயர். இத்தாலி நாட்டில் பிறந்த எழுத்து என்பதால் அந்தப் பெயர் வந்தது. அதைப் பேனாவால் எழுதுவது எப்படி என்று அச்சுப் புத்தகம் போட்டு முதன்முதலில் சொல்லிக்கொடுத்தவர் லுடோவிகோ அரிகி.

அரிகி வடக்கு இத்தாலியில் உள்ள விச்சென்சா பகுதியைச் சேர்ந்தவர். மதுரையிலிருந்து வந்தவரை நாம் மதுரைக்காரர் என்று சொல்வதில்லையா? அதுபோல ரோம் நகரில் அவரை 'விச்சென்டினோ' என்று அழைத்தார்கள். ரோமில் அவர் முதலில் புத்தகத் தொழில் செய்தார். வர்த்தேமா என்ற பயணி நம் கள்ளிக்கோட்டை வரை வந்து, பார்த்ததையெல்லாம் எழுதிய நூல் 1510-ல் ரோமில் அச்சானது. அதை வெளியிட ஏற்பாடு செய்தவர் அரிகிதான் என்று ஆராய்ச்சியாளர்கள் சொல்கிறார்கள்.

பிரபுக்களுக்கும் அறிஞர்களுக்கும் அழகிய கையெழுத்தில் நூல்களைப் படியெடுத்துக் கொடுப்பதும் அவர் தொழில். விட்டோரியா கொலோனா என்ற பெண் கவிஞருக்காக 1517-ல் அரிஸ்டாட்டிலின் நூல் ஒன்றை எழுதிக் கொடுத்தார். பிறகு போப்பாண்டவரின் அலுவலகத்தில் கடிதங்கள் எழுதும் எழுத்தர் ஆனார்.

அந்த வேலை லேசானது அல்ல. மன்னர்களுக்கும் ஆயர்களுக்கும் அனுப்பும் கடிதங்களை வேகமாக எழுத வேண்டும். படிப்பவர் தடுமாறக் கூடாது. பார்க்கவும் அழகாக இருக்க வேண்டும். வேகமாக எழுதும்போது எழுத்து தானாகவே ஒடுங்கும், முன்பக்கம் சாயும். உங்கள் தேர்வுத்தாளின் கடைசிப் பக்கத்தைப் பாருங்கள், புரியும்! ஆனால் நம் கையெழுத்து வேகத்தில் கோணலாகிவிடுகிறது. அவர்களுடையது வேகத்திலும் அழகு குறையாமல் இருந்தது.

சாய்ந்த எழுத்து அரிகி கண்டுபிடித்தது அல்ல. அவருக்கு நூறு ஆண்டுகளுக்கு முன்பே ஃபிளாரன்ஸ் நகர அறிஞர் நிக்கோலோ நிக்கோலி அப்படி எழுதியிருக்கிறார். வெனிஸ் நகரில் ஆல்டஸ் மனூஷியஸ் 1501-ல் சாய்ந்த அச்செழுத்திலேயே முழுப் புத்தகம் வெளியிட்டுவிட்டார். அப்படியானால் அரிகியின் பெருமை எதில்?

எழுத்தர்களுக்கு அது சோதனையான காலம். அச்சு இயந்திரம் அவர்களுடைய பிழைப்பில் கை வைத்துக்கொண்டிருந்தது. கையில் இருக்கும் வித்தையை யாருக்கும் காட்டாமல் பொத்திவைத்துக்கொள்ளத்தான் பலருக்கும் தோன்றும். அரிகி அந்த வித்தையை 32 பக்கச் சிறு புத்தகமாகவே போட்டுவிட்டார்! 'ஒபெரினா' என்று அழைக்கப்படும் அந்தப் புத்தகத்தில் உள்ள ஆண்டு 1522.

அதை அச்சிட்டதே ஒரு கதை. ஈய எழுத்துகளைக் கோத்தால் பேனா ஓடும் அழகு வராது. எனவே அவர் எழுதிய பக்கங்களை ஊகோ ட கார்ப்பி என்ற கலைஞர் மரக்கட்டையில் செதுக்கினார். அதுவும் கண்ணாடியில் தெரிவது போல இடவலமாக மாற்றிச் செதுக்க வேண்டும். மெல்லிய கோட்டின் மேல் உளி சற்று வழுக்கினாலும் எழுத்தின் உருவம் கெட்டுவிடும். உயிருள்ள கை எழுதுவதை அச்சு முழுவதுமாகக் காட்டிவிட முடியாது என்று அரிகியே முன்னுரையில் ஒப்புக்கொள்கிறார்.

புத்தகத்தில் அவர் பாடம் தொடங்கும் விதம் எனக்கு மிகவும் பிடிக்கும். இருபத்தாறு எழுத்துகளை வரிசையாகப் போட்டு, பார்த்து எழுது என்று சொல்லவில்லை. இரண்டே இரண்டு கோடுகளைக் காட்டுகிறார். ஒன்று தட்டையான தடித்த கோடு. மற்றது சாய்வான மெல்லிய கோடு. சிறிய எழுத்துகள் எல்லாம் இந்த இரண்டில் ஏதாவது ஒன்றில்தான் தொடங்குகின்றன. ஏ, சி, டி, ஜி, க்யூ ஐந்தையும் பாருங்கள். ஒரே வயிறு! அந்த வயிறு சதுரமாக இல்லாமல் ஒடுங்கிய நீள்சதுரமாக இருக்க வேண்டும் என்கிறார்.

ஒரே பேனாவில் தடிப்பும் மெலிவும் எப்படி வரும் என்று கேட்பீர்கள். அன்றைய பேனா வாத்து இறகு. அதன் நுனியைத் தட்டையாக வெட்டிச் சாய்த்துப் பிடிப்பார்கள். ஒரு திசையில் இழுத்தால் கோடு பட்டையாக வரும், வேறு திசையில் இழுத்தால் மெலியும். இரண்டு பென்சில்களைச் சேர்த்து ரப்பர் பேண்டு போட்டு, இரு முனைகளையும் சாய்வாக வைத்து எழுதிப் பாருங்கள். இரட்டைக் கோடுகள் எங்கே விலகுகின்றன, எங்கே நெருங்குகின்றன என்று தெரியும்.

இந்த அடிப்படை கைக்கு வந்த பிறகுதான் அரிகி அலங்காரத்துக்குப் போகிறார். உயரமான எழுத்துகளின் தலை கொடி போல வளைகிறது. வால் நீண்டு சுழல்கிறது. பெரிய எழுத்துகளை ஒரே மாதிரி எழுதாமல் பலவிதமாக எழுதிக் காட்டுகிறார். ஆனால் எந்த வளைவும் எழுத்தை அடையாளம் தெரியாமல் செய்வதில்லை. அடுத்து, இறகை வெட்டிப் பேனா செய்வதையும் பலவகை எழுத்துகளையும் காட்டும் இன்னொரு புத்தகத்தை 1523 என்ற ஆண்டிட்டு வெளியிட்டார்.

1524-ல் அவர் லாவுட்டிசியோ என்பவரோடு சேர்ந்து சொந்தமாக அச்சகமே தொடங்கினார். தம் கையெழுத்தைப் போலவே ஈய எழுத்துகள் செய்யவைத்தார். திரிசினோ என்ற அறிஞர் இத்தாலிய மொழிக்குப் புதிய எழுத்துகள் வேண்டும் என்று வாதாடியபோது, அந்தப் புது எழுத்துகளையும் சேர்த்து அச்சிட்டுக் கொடுத்தவர் அரிகிதான்.

மூன்றே ஆண்டுகள். 1527 மே 6 அன்று, பேரரசர் ஐந்தாம் சார்லஸின் படைகள் ரோமுக்குள் புகுந்து சூறையாடின. சம்பளம் கிடைக்காத சிப்பாய்கள் வீடு வீடாகக் கொள்ளையடித்தார்கள். ஏராளமானோர் மாண்டனர். அதற்குப் பிறகு அரிகி அச்சிட்ட புதிய நூல் எதுவும் வந்ததாகத் தெரியவில்லை. அந்தக் கலவரத்தில் அவர் இறந்திருக்கலாம் என்று கருதுகிறார்கள்.

ஆனால் சிறிய புத்தகம் பிழைத்துக்கொண்டது. சுமார் 400 ஆண்டுகள் கழித்து, 1920-களில் ஸ்டான்லி மாரிசன், ஃபிரடெரிக் வார்டு இருவரும் அரிகியின் பக்கங்களைத் தேடிப் பிடித்து மீண்டும் அச்சிட்டார்கள். வார்டு உருவாக்கிய சாய்ந்த அச்செழுத்துக்கு 'அரிகி' என்றே பெயர் சூட்டப்பட்டது. 1954-ல் ஜான் ஹோவர்ட் பென்சன் என்ற அமெரிக்கர் 'ஒபெரினா'வை ஆங்கிலத்தில் மொழிபெயர்த்தார். மொழிபெயர்ப்பை அவர் அச்சுக் கோக்கக் கொடுக்கவில்லை. அரிகி கற்றுக்கொடுத்த அதே சாய்ந்த எழுத்தில், தம் கையாலேயே முழுவதையும் எழுதிவிட்டார்.