ஆண்டாள்: கிணறு எப்படி கண்ணாடி ஆச்சு?

ஸ்ரீவில்லிபுத்தூர் ஆண்டாள் கோயிலுக்குப் போறவங்க தவறாம எட்டிப் பார்க்கிற இடம் கண்ணாடிக் கிணறு. பெயரில் கண்ணாடி இருக்கு, உள்ளே ஒரு துண்டுகூட கிடையாது. அப்புறம் ஏன் இந்தப் பெயர்?

யார் இந்தக் கோதை?

துளசித் தோட்டத்தில் பெரியாழ்வார் கண்டெடுத்து வளர்த்த குழந்தை என்கின்றன வைணவ குருபரம்பரை நூல்கள். காலம் 8 அல்லது 9-ம் நூற்றாண்டு என்பது ஆய்வாளர்கள் பலரின் கணிப்பு. 12 ஆழ்வார்களில் ஒரே பெண் இவர்தான்.

கிணற்றில் என்ன பார்த்தார்?

அப்பா பெருமாளுக்குக் கட்டி வைத்த மாலையை யாருக்கும் தெரியாமல் சூடி, கிணற்றுத் தண்ணீரில் பார்ப்பாராம். ஒருநாள் விஷயம் தெரிந்து பெரியாழ்வார் பதறிப் போனார். பெருமாளோ கனவில் வந்து, கோதை சூடிய மாலைதான் வேணும்னு கேட்டதாகக் கதை.

அன்றைக்கு முகம் பார்க்க இருந்தவை தண்ணீரும், மெருகேற்றிய உலோகத் தட்டும்தான். திருப்பாவையின் 20-ம் பாட்டில் விசிறியோடு சேர்த்து அவர் கேட்பது அந்தத் தட்டொளியைத்தான். கண்ணாடியில் வெள்ளி பூசும் முறையை ஜெர்மன் வேதியியலாளர் லீபிக் உருவாக்கியது 1835-ல்தான்.

வெறும் அலங்கார ஆசையா?

இல்லை. கல்யாண வயசு வந்ததும் மனிதர் யாருக்கும் வாழ்க்கைப்பட மாட்டேன் என்று சொல்லிவிட்டார். அப்பா பார்க்கிற மாப்பிள்ளையை மறுத்து, தன் துணையைத் தானே முடிவு செய்த பெண் அவர். அந்த ஏக்கத்தை, உடம்பின் தவிப்பு உட்பட, நாச்சியார் திருமொழியின் 143 பாடல்களில் ஒளிக்காமல் பாடினார். 30 பாட்டுள்ள திருப்பாவை மார்கழியில் தெருவெல்லாம் கேட்கும். நாச்சியார் திருமொழியிலோ திருமணக் கனவைச் சொல்லும் பகுதி அளவுக்கு மற்றவை வெளியே கேட்பதில்லை. கடைசியில் திருவரங்கம் போய் அரங்கனோடு கலந்தார் என்பது வைணவ மரபு.

ராஜபாளையத்துக்கு என்ன தொடர்பு?

16-ம் நூற்றாண்டில் கிருஷ்ணதேவராயர் இவர் கதையைத் தெலுங்கில் ஆமுக்தமால்யதா என்ற காவியமாக எழுதினார். சூடிக் கொடுத்தவள் என்பதே தலைப்பின் பொருள். பக்கத்து ஊரான ராஜபாளையத்தில் வீட்டில் தெலுங்கு பேசும் ராஜுக்கள் நிறைய. ஆக, ஆண்டாள் அவங்களுக்கு ரெண்டு மொழியிலும் சொந்தம்.

இன்றைய கண்ணாடி ஓவியருக்கு?

தஞ்சாவூர்க் கண்ணாடி ஓவியத்தில் கண்ணாடியின் பின்பக்கம்தான் வரைவார்கள். மூக்குத்தி, கண் மாதிரி நுணுக்கங்கள் முதலில், பின்னணி வண்ணம் கடைசியில். இடமும் வலமும் மாறும். ஆண்டாளின் அடையாளம் இடது கைக் கிளி. காகிதத்தில் அதை வலப்பக்கம் வரைபவர், கண்ணாடியில் இடப்பக்கம் வரைய வேண்டும். மறந்தால் கிளி கை மாறிடும், ஸ்ரீவில்லிபுத்தூர்க்காரர் பார்த்ததுமே பிடிச்சிடுவார்.

அதனால் ஓவியர் ஒவ்வொரு கோட்டையும் எதிரே நின்று பார்ப்பவர் கண்ணால் யோசித்துப் போட வேண்டியிருக்கு. கிணற்றை எட்டிப் பார்த்த கோதை செய்ததும் அதுதான். தனக்கு அழகா என்பதைவிட, பார்க்கப் போகிறவனுக்குப் பொருந்துமா என்பதே அவர் கேள்வி. அதையும் வேறு யாரிடமும் கேட்காமல், தானே பார்த்து முடிவு செய்தார்.