அப்பர் கையில் இருந்த உழவாரம்

எங்கள் ஜெஞ்சாரோம் கோயிலில் கோத்தோங் ரோயோங் என்றாலே நான் நழுவிவிடுவேன். அக்காதான் விளக்குமாற்றோடு போவாங்க. போன வருஷம் அவங்களோடு தமிழ்நாட்டுக் கோயில்களைச் சுற்றப் போனேன். முதல் இரண்டு நாள் செல்ஃபி எடுத்ததுதான் மிச்சம். பண்ருட்டி பக்கத்தில் இருக்கும் திருவதிகையில்தான் மனசு நின்றது.

அப்பரின் வாழ்க்கை திரும்பிய இடம் அது. 7ஆம் நூற்றாண்டு. திருவாமூரில் பிறந்தவர், இயற்பெயர் மருள்நீக்கியார். பெற்றோர் இறந்துவிட்டார்கள். அக்கா திலகவதியாருக்கு நிச்சயித்த மாப்பிள்ளையும் போரில் மாண்டார். உயிரை விடத் துணிந்த அக்கா, தம்பிக்காகவே வாழ்ந்தார். தம்பியோ சமணத்தில் சேர்ந்து, அங்கே பெரிய குருவானார். பிறகு சூலை நோய் வாட்டியபோது அவர் தேடி வந்தது அக்காவைத்தான். திருவதிகைக் கோயிலைக் கூட்டி மெழுகித் தொண்டு செய்துகொண்டிருந்த அக்கா, திருநீறு கொடுத்து உள்ளே அழைத்துப் போனார். நோய் நீங்கியது என்கிறது பெரியபுராணம்.

அதன்பின் ஊர் ஊராக நடந்தார். பதிகம் பாடியதோடு நிற்கவில்லை. உழவாரத்தால் கோயில் புல்லையும் செதுக்கினார். திருப்புகலூரில் அப்படிச் செதுக்கும்போது பொன்னும் மணியும் தட்டுப்பட, கல்லோடு கல்லாகக் குளத்தில் எறிந்தாராம். 81 வயதில், சித்திரைச் சதயத்தில், அங்கேயே இறைவனடி சேர்ந்தார்.

கோயிலைப் பார்த்துவிட்டு வருவது சுலபம். ஊர் திரும்பிய அடுத்த ஞாயிறு, அக்காவுக்கு முன்னாலேயே நான் மண்வெட்டியோடு கோயில் வாசலில் நின்றேன். நீங்களும் வாங்க.