தீப்பெட்டி விற்ற கவிராயர்



எங்க ஆயா அமாவாசை அன்னிக்கு காக்காவுக்குச் சோறு வைக்கும்போது ஒரு பாட்டு முணுமுணுக்கும். காக்கைகள் ஒன்றையொன்று கூப்பிட்டுப் பகிர்ந்து தின்பதைச் சொல்லி, மனிதனுக்கு அந்தப் புத்தி இல்லையே என்று குத்திக்காட்டுகிற பாட்டு. மத்தூர்ப் பக்கம் மாந்தோப்பு வேலைக்குப் போகும் பொம்பளைங்க பாடுகிற பழைய பாட்டுன்னுதான் நான் நினைத்திருந்தேன். நம்ம கல்லூரி நூலகத்தில் ஒரு புத்தகத்தைப் புரட்டியபோதுதான் தெரிந்தது, அது 1952-ல் வந்த ‘பராசக்தி’ படப் பாட்டு. எழுதியவர் உடுமலை நாராயணகவி. பள்ளிக்கூட வாசல் மிதிக்காத ஆயாவுக்குப் பாட்டு தெரியும், பேர் தெரியாது. அந்தப் பேருக்கு உரியவரைப் பற்றித்தான் இந்தக் கட்டுரை.

1899 செப்டம்பர் 25-ல் உடுமலைப்பேட்டைக்கு அருகில் பூளவாடி கிராமத்தில் பிறந்தார். இயற்பெயர் நாராயணசாமி. சின்ன வயசிலேயே பெற்றோரை இழந்தார். படிப்பு நாலாம் வகுப்போடு நின்றது. அதன்பின் ஊர் ஊராக நடந்து தீப்பெட்டி விற்றுப் பிழைத்தார். ஆனால் ராத்திரியானால் கூத்து, கும்மி, சிந்து என்று எங்கே சத்தம் கேட்டாலும் அங்கே போய்விடுவார். ஊர் நாடகத்தில் அவர் திறமையைக் கண்ட முத்துசாமிக் கவிராயர் அவரைச் சீடராக ஏற்றுக்கொண்டார். குருவோடு மதுரை சென்று, சங்கரதாஸ் சுவாமிகள் போன்ற நாடகப் பெரியவர்கள் இருந்த இடத்தில் தொழில் கற்றார்.

ஊர் திரும்பி, விடுதலைப் போராட்டக் காலத்தில் கதர்க்கடை வைத்தார். தேசியப் பாட்டுப் பாடிக் கதர் விற்றார். கடை நஷ்டப்பட்டுக் கடன் ஏறியது. கடனை அடைத்த பிறகுதான் ஊருக்குத் திரும்புவேன் என்று சபதம் செய்து மறுபடியும் மதுரைக்கே போனார். நாடகங்களுக்குப் பாட்டெழுதிச் சம்பாதித்துக் கடனை அடைத்தார்.

பிறகு சினிமா வந்தது. ஆரம்பத்தில் பக்திப் பாட்டுகள் எழுதினார். பெரியாரின் பழக்கமும், கலைவாணர் என்.எஸ்.கிருஷ்ணனின் நட்பும் அவர் பாதையைத் திருப்பின. மூடநம்பிக்கை, சாதி, குடி, ஏழை பணக்காரன் என்று எதையும் விடவில்லை. ‘பகுத்தறிவுக் கவிராயர்’ என்று பேர் வாங்கினார். ‘வேலைக்காரி’ (1949), ‘தேவதாஸ்’ (1953) என்று அவர் பாட்டு இடம்பெற்ற படங்கள் ஏராளம். அவர் கையாண்டது கிராமத்து மெட்டு, சந்தையில் பேசுகிற வார்த்தை. அதனால்தான் எழுதப்படிக்கத் தெரியாதவர் காதிலும் நின்றது.

விஞ்ஞானத்தைப் பற்றியும் பாடினார். பட்டனைத் தட்டினால் இட்டிலியும் காப்பியும் பக்கத்தில் வந்து நிற்க வேண்டும் என்று அந்தக் காலத்திலேயே ஒரு பாட்டில் ஆசைப்பட்டவர் அவர். இன்னிக்கு ஆட்டோமேஷன் லேபில் கன்வேயரைப் பார்க்கும்போது எனக்கு அந்தப் பாட்டுதான் ஞாபகம் வரும்.

இப்போது என் கதை கொஞ்சம். அப்பா கிரானைட் பட்டறையில் பாலிஷ் போடுகிறவர். எங்க வீட்டில் பத்தாவது தாண்டிய முதல் ஆள் நான். முதல் வருஷம் இங்கிலீஷ் புரியாமல் மூன்று அரியர் விழுந்தது. ஓசூர் சிப்காட்டில் கான்ட்ராக்ட் வேலைக்குப் போய்விடலாம், அப்பா வாங்கிய கடனாவது அடையும் என்று பையைக் கட்டினேன். அந்த வாரம்தான் ‘நல்லதம்பி’ (1949) பற்றிப் படித்தேன். கவிராயர் பாட்டெழுதிய படம் அது. அதில் கலைவாணர் ‘கிந்தனார்’ காலட்சேபம் நடத்துவார். நந்தனார் சிதம்பரம் போக ஏங்கினார் என்றால், கிந்தன் படிப்புக்காக ஏங்குகிறான். மாடு மேய்க்கிற வீட்டுப் பிள்ளைக்குப் பள்ளிக்கூடமே கோயில்! கட்டின பையை அவிழ்த்துவிட்டேன். மூன்றில் இரண்டு அரியரை முடித்துவிட்டேன். இன்னும் ஒன்று பாக்கி.

கவிராயர் 1981 மே 23-ல் தம் 81-ஆம் வயதில் மறைந்தார். உடுமலைப்பேட்டையில் அவருக்கு மணிமண்டபம் இருக்கிறது. 2008-ல் அஞ்சல்தலையும் வந்தது.

போன அமாவாசைக்கு ஆயாவிடம் அவர் கதையைச் சொன்னேன். நாலாங்கிளாஸ் படித்தவரா இவ்வளவு எழுதினார் என்று ஆச்சரியப்பட்டது. அப்புறம் என்னை மேலும் கீழும் பார்த்துவிட்டு, அந்த மிச்சம் ஒரு பரீட்சை எப்போ என்று கேட்டது.

நண்பர்களே, நவம்பரில் எழுதுகிறேன். நம்மில் அரியர் வைத்தவர்கள் யாரும் பையைக் கட்ட வேண்டாம். காக்கை மாதிரி கூப்பிடுங்கள், சேர்ந்து படிப்போம்.