கண்ணிழந்தோருக்கு எழுத்தளித்த லூயி பிரெய்ல்

 

நெல்லைச் சீமையில் வாழும் நமக்குப் பாளையங்கோட்டை என்றதும் பள்ளிக்கூடங்களும் கல்லூரிகளுமே முதலில் நினைவுக்கு வரும். அவ்வூரில் 1890ஆம் ஆண்டு ஆஸ்க்வித் என்னும் மிஷனரி அம்மையார் தொடங்கிய பார்வையற்றோர் பள்ளி இருப்பதையும் நம்மில் பலர் அறிவோம். அங்கே பயிலும் பிள்ளைகள் தடித்த தாளின் மேல் விரல்களை ஓட்டி, நாம் கண்ணால் படிப்பது போலவே படிப்பார்கள். அந்த எழுத்தை உலகுக்கு அளித்தவர் பெரும் பட்டம் பெற்ற அறிஞர் அல்லர். பார்வையற்ற ஒரு மாணவர், தமது பதினைந்தாம் வயதில் உருவாக்கியது அது. அவருடைய வாழ்வில் நம் மஹல்லாவுக்கும் ஒரு பாடம் இருப்பதால் அதனை இம்மலரில் எழுத விழைகின்றேன்.

லூயி பிரெய்ல் 1809ஆம் ஆண்டு ஜனவரி 4ஆம் நாள், பிரான்சு நாட்டில் பாரிசு நகருக்குக் கிழக்கேயுள்ள கூவ்ரே என்னும் சிற்றூரில் பிறந்தார். குதிரைகளுக்குச் சேணமும் தோல்வாரும் செய்து வாழ்ந்த குடும்பம் அது. நான்கு பிள்ளைகளில் லூயியே கடைக்குட்டி. மூன்று வயதில் தந்தையின் பட்டறையில் விளையாடிக் கொண்டிருந்தபோது, தோல் துளைக்கும் குத்தூசி வழுக்கிக் குழந்தையின் கண்ணில் பாய்ந்தது. புண் சீழ்பிடித்தது, நோய் மற்றக் கண்ணுக்கும் பரவியது. ஐந்து வயதாகும்போது இரு கண்களும் முற்றிலும் ஒளியிழந்தன.

அக்காலத்தில் ஐரோப்பாவிலும் பார்வையற்றோரில் பலருக்குப் பிச்சையெடுப்பதே வழியாக இருந்தது. ஆனால் லூயியின் பெற்றோர் மகனை மூலையில் உட்கார வைக்கவில்லை. தந்தை கைத்தடி செய்து கொடுத்தார். அதைத் தட்டித் தட்டி ஊர்ப் பாதைகளைச் சிறுவர் பழகிக் கொண்டார். பலகையில் ஆணிகளை எழுத்து வடிவில் அடித்து, தடவிப் பார்த்து அறியச் செய்ததும் அத்தந்தையே. உள்ளூர்ப் பாதிரியார் பாடம் சொன்னார். பார்வையுள்ள பிள்ளைகளோடு அவரையும் ஊர்ப் பள்ளியில் சேர்த்துக் கொண்டார்கள். காதால் கேட்டே வகுப்பில் சிறந்து விளங்கினார். ஓர் எளிய ஊரும் ஓர் எளிய குடும்பமும் நினைத்தால் எவ்வளவு செய்ய இயலும் என்பதற்கு இது சான்றாகும்.

1819ஆம் ஆண்டு, பத்து வயதில், பாரிசிலிருந்த பார்வையற்றோர் பள்ளியில் சேர்க்கப்பட்டார். வாலண்டின் ஆவி என்னும் பெருந்தகை நிறுவிய பள்ளி அது. நாம் வழக்கமாக எழுதும் எழுத்துகளையே தாளில் புடைப்பாக அச்சிட்டு, விரலால் தடவிப் படிக்கச் செய்தவர் அவர். நோக்கம் உயர்ந்ததாயினும் பயன் குறைவாகவே இருந்தது. ஒவ்வோர் எழுத்தின் வளைவையும் கோட்டையும் தடவி உணர்வதற்குள் சொல்லின் தொடக்கம் மறந்துவிடும். நூல்கள் பெரியனவாகவும் கனமானவையாகவும் இருந்தன. எண்ணிக்கையிலும் மிகச் சில. எல்லாவற்றுக்கும் மேலாக, அம்முறையில் பிள்ளைகள் மெல்லப் படிக்கலாமேயன்றித் தாமாக எழுத இயலாது. பார்வையுள்ளவர் தம் கண்ணுக்கு அழகாகத் தோன்றிய எழுத்தையே பார்வையற்றவர் விரலுக்கும் கொடுத்தார். விரலுக்கு எது தேவை என்று விரலிடம் யாரும் கேட்கவில்லை.

1821ஆம் ஆண்டளவில், பீரங்கிப் படையில் பணியாற்றிய ஷார்ல் பார்பியே என்பவரின் புள்ளியெழுத்து முறை அப்பள்ளிக்கு அறிமுகமாயிற்று. புள்ளிகளை விரல் எளிதில் அறிகிறது என்பதை லூயி உடனே உணர்ந்தார். ஆயினும் அதில் குறைகளும் இருந்தன. ஓர் எழுத்துக்குப் பன்னிரண்டு புள்ளிகள் வரை இருந்தமையால் ஒரே தொடுதலில் விரல்நுனிக்குள் அடங்கவில்லை. அது ஒலிகளை மட்டுமே குறித்தது. சரியான எழுத்துக்கூட்டலுக்கோ நிறுத்தற்குறிகளுக்கோ இடமில்லை.

அன்று முதல் வகுப்பு முடிந்த பின்னரும், விடுமுறையில் ஊருக்குச் சென்றபோதும், கையில் ஊசியும் தாளுமாகவே லூயி இருந்தார். 1824ஆம் ஆண்டு அவர் முயற்சி கைகூடியது. மேலிருந்து கீழாக மூன்று, பக்கத்தில் மூன்று என ஆறே புள்ளிகள். அவற்றை மாற்றி மாற்றி அமைத்தால் 63 குறிகள் கிடைக்கும். எழுத்து, எண், நிறுத்தற்குறி, இசைக்குறிப்பு அனைத்துக்கும் அவை போதும். ஒவ்வொரு குறியும் விரல்நுனிக்குள் அடங்கும். எந்தக் குத்தூசி அவர் கண்களைப் பறித்ததோ, ஏறத்தாழ அதே வடிவிலான ஊசியே பார்வையற்றோரின் எழுதுகோலாயிற்று. 1829இல் இம்முறையை விளக்கும் நூல் வெளிவந்தது.

படித்த பள்ளியிலேயே அவர் ஆசிரியரானார். பாரிசு தேவாலயங்களில் ஆர்கன் இசைப்பவராகவும் பணியாற்றினார். ஆயினும் அவருடைய எழுத்து எளிதில் ஏற்கப்படவில்லை. பார்வையுள்ள ஆசிரியர்களால் படிக்க முடியாத எழுத்து, பார்வையற்றோரைப் பிறரிடமிருந்து பிரித்துவிடும் என்றனர் சிலர். 1840க்குப் பின் சில ஆண்டுகள் அப்பள்ளியிலேயே அதற்குத் தடை விதிக்கப்பட்டது. பிள்ளைகளோ மறைவாக அதையே எழுதிப் பழகினர். தமக்கு எது உதவுகிறது என்பதை அவர்கள் அறிந்திருந்தனர். 1844இல் பள்ளியின் புதிய கட்டடத் திறப்பு விழாவில் இம்முறை அனைவர் முன்னிலையிலும் செய்து காட்டப்பட்டு மீண்டும் இடம் பெற்றது.

இளமையிலேயே காசநோய் அவரைப் பற்றியது. 1852ஆம் ஆண்டு ஜனவரி 6ஆம் நாள், 43 வயது நிறைந்த இரண்டாம் நாளில் அவர் மறைந்தார். அவர் விட்டுச்சென்ற சிறு பெட்டியில், மாணவர்கள் அவரிடம் பெற்ற கடனுக்கான சீட்டுகள் இருந்தன என்றும், அப்பெட்டியைத் திறவாமல் எரித்துவிடும்படி அவர் கூறியிருந்தார் என்றும் அவர் வரலாற்றை எழுதியோர் குறிப்பிடுவர். கடன்பட்டவரின் மானம் காப்பதன் அருமையை நம் மார்க்கமும் நமக்குக் கற்பித்துள்ளது.

1854இல் பிரான்சு நாடு அவர் எழுத்தை முறைப்படி ஏற்றது. இந்தியாவில் மொழிக்கொன்றும் இடத்துக்கொன்றுமாக வழங்கிய புள்ளியெழுத்துகள் 1951இல் பாரதி பிரெய்ல் என ஒன்றுபடுத்தப்பட்டன. தமிழின் அகரமும் அரபியின் அலிஃபும் பிரெய்லில் ஒரே வடிவம்தான்: இடப்பக்க மேல்மூலையில் ஒற்றைப் புள்ளி. வலமிருந்து இடமாக ஓதப்படும் அரபியும் பிரெய்லில் இடமிருந்து வலமாகவே படிக்கப்படுகிறது. திருக்குர்ஆனும் பிரெய்லில் அச்சிடப்பட்டுள்ளது. லூயி பிறந்த ஜனவரி 4ஆம் நாளை ஐக்கிய நாடுகள் அவை 2019 முதல் உலக பிரெய்ல் நாளாகக் கடைப்பிடிக்கிறது.

அன்பர்களே! என் தவறு ஒன்றை இங்கே சொல்ல வேண்டும். சுபுஹுத் தொழுகைக்கு வரும் பார்வையற்ற இளைஞர் ஒருவரின் கையைப் பற்றி, உளூச் செய்யும் இடத்துக்கு நான் இழுத்துச் செல்வது வழக்கம். நன்மை செய்வதாகவே எண்ணியிருந்தேன். ஒருநாள் அவர் மெல்லிய குரலில், தம் கையைப் பிடிக்க வேண்டாம் என்றும், என் முழங்கையைத் தாம் பிடித்துக்கொண்டு அரையடி பின்னால் வந்தால் படியும் திருப்பமும் தமக்கே தெரியும் என்றும் சொன்னார். வாசற்படியில் செருப்புகள் குவியாதிருந்தால் துணையின்றியே வந்துவிடுவேன் என்றும் சேர்த்துக் கொண்டார். அத்தனை ஆண்டுகளும் நான் அவரிடம் ஒருமுறைகூடக் கேட்கவில்லை!

பார்வையற்ற நபித்தோழர் அப்துல்லாஹ் இப்னு உம்மி மக்தூம் (ரலி) அவர்கள் மதீனாவில் பாங்கு சொல்லும் பொறுப்பை ஏற்றிருந்தார்கள். நபி (ஸல்) அவர்கள் வெளியூர் சென்ற வேளைகளில் மதீனாவின் பொறுப்பும் அவர்களிடம் ஒப்படைக்கப்பட்டதுண்டு. நாமோ ரமளானில் ஒரு தொகையைக் கையில் வைத்துவிட்டு, கடமை முடிந்ததாக எண்ணுகிறோம். தேவையுள்ளோருக்கு உதவித்தொகை வேண்டும்தான். ஆனால் வீட்டில் முடங்கியிருக்கும் பிள்ளையைப் பாளையங்கோட்டைப் பள்ளி போன்ற ஒன்றில் சேர்ப்பதும், வெள்ளைக் கோலோடு தனியே நடக்கப் பயிற்சி பெறச் செய்வதும், பள்ளிவாசலின் படிகளையும் நடைபாதையையும் தடையின்றி வைப்பதும் அந்தத் தொகையைவிட நீண்ட நாள் நிற்கும். இவற்றுள் எதை முதலில் செய்வது என்பதைக் கமிட்டி அறையில் நாமே முடிவு செய்துவிடாமல், நம் மஹல்லாவின் பார்வையற்ற சகோதர சகோதரிகளை அழைத்து, அவர்களிடமே கேட்போமாக.

பன்னிரண்டு புள்ளிகளை ஆறாக்க ஒரு பார்வையற்ற சிறுவரின் விரல் தேவைப்பட்டது. அத்தகைய விரல்கள் நம் தெருக்களிலும் உண்டு. அவற்றுக்கு வழிவிடும் மனத்தை வல்ல ரஹ்மான் நம் அனைவருக்கும் தந்தருள்வானாக! ஆமீன்.