தங்கைக்காக எழுந்த மருத்துவமனை

விருத்தாசலம் தொடர்வண்டிச் சந்திப்பில் சென்னை வண்டிக்காகக் காத்திருப்போருள், மருத்துவ அறிக்கைகள் அடங்கிய பையை மடியில் வைத்திருப்போரும் உண்டு. பீங்கான் பட்டறைத் தொழிலாளரும் உழவரும் அவர்களில் அடங்குவர். அவர்களுள் சிலர் நாடிச் செல்லும் இடம் அடையாறு புற்றுநோய் மருத்துவமனை. அதன் தோற்றத்திற்குப் பின்னால் ஓர் இளம்பெண்ணின் மரணம் இருக்கிறது.

அப்பெண்ணின் தமக்கை மருத்துவர் முத்துலட்சுமி ரெட்டி. புதுக்கோட்டையில் 1886ஆம் ஆண்டு ஜூலை 30ஆம் நாள் நாராயணசாமி, சந்திரம்மாள் இணையருக்குப் பிறந்தவர். ஆண்கள் மட்டுமே பயின்ற கல்லூரியில் மன்னரின் இசைவோடு சேர்ந்தார். 1912இல் சென்னை மருத்துவக் கல்லூரியில் பட்டம் பெற்றார். சட்டமன்றத்தில் தேவதாசி முறைக்கும் குழந்தை மணத்துக்கும் எதிராக அவர் ஆற்றிய பணியைத் தனியே விரித்துரைக்க வேண்டும்.

அவருடைய தங்கை நோயுற்றபோது, மருத்துவர்கள் அதைச் சீதபேதி எனக் கருதி மருந்து கொடுத்துவந்தனர். மலக்குடலில் வளர்ந்திருந்தது புற்றுநோய் என்பது தெரிந்தபோது காலம் கடந்துவிட்டது. ஒரு மருத்துவரின் குடும்பத்திலேயே இவ்வாறு நேர்ந்ததென்றால், மருத்துவரையே காணாத சிற்றூர்களின் நிலை என்னவாக இருந்திருக்கும்! முதலில் நோயாளியைப் பார்ப்பவருக்கு ஐயம் எழவேண்டும். எழுந்தாலும், அனுப்பி வைப்பதற்கு ஓர் இடம் வேண்டும். அன்று தென்னாட்டில் அப்படியோர் இடம் இல்லை.

1925இல் மேற்படிப்புக்காக இலண்டன் சென்றவர், புற்றுநோய்க்கென்றே இயங்கிய மருத்துவமனையை அங்கே கண்டார். 1935இல் சென்னை மருத்துவக் கல்லூரியின் நூற்றாண்டு விழாவில் தம் எண்ணத்தை வெளியிட்டார். தனி மருத்துவமனை எதற்கு என்னும் தயக்கம் ஆட்சியாளரிடம் நெடுங்காலம் நீடித்தது. அதற்காக அவர் காத்திருக்கவில்லை. இந்திய மாதர் சங்கத்தின் வாயிலாக 1949இல் நிதி திரட்டத் தொடங்கினார். முதுமையில் வீடு வீடாகச் சென்று கையேந்துவதை இழிவாக அவர் எண்ணியதில்லை. 1952இல் நேரு அடிக்கல் நாட்டினார். 1954 ஜூன் 18ஆம் நாள் பன்னிரண்டு படுக்கைகளுடன் மருத்துவமனை செயல்படத் தொடங்கியது. முத்துலட்சுமிக்கு அப்போது வயது 67. அவருடைய மகன் கிருஷ்ணமூர்த்தியும் இளம் மருத்துவர் சாந்தாவும் தொடக்கக் காலத்திலிருந்தே அதனைத் தாங்கினர்.

கட்டடம் எழுந்துவிட்டது, ஆயினும் நோய் முற்றிய பின்னர் வருவோரே மிகுதி. அறுவை, கதிர்வீச்சு என எத்துணைக் கருவிகள் இருந்தாலும், நோயாளி உரிய காலத்தில் வந்து சேராவிட்டால் பயன் குறைவு. சிகிச்சை முடிந்து ஊர் திரும்பியவரைத் தொடர்ந்து கவனிக்கவும் உள்ளூரில் ஒருவர் வேண்டும்.

முத்துலட்சுமி 1968 ஜூலை 22ஆம் நாள் மறைந்தார். பின்னாளில் அம்மருத்துவமனையினர், விருத்தாசலம் அடங்கிய அன்றைய தென்னார்க்காடு மாவட்டத்தில், கிராமச் சுகாதாரச் செவிலியருக்குப் பயிற்சி அளித்தனர். வாய், மார்பகம், கருப்பைவாய் ஆகியவற்றில் தோன்றும் தொடக்க அறிகுறிகளை, பேறுகாலத்திற்கும் தடுப்பூசிக்கும் வீடுதோறும் செல்லும் அப்பெண்களே முதலில் காணத் தொடங்கினர்.