மாண்டிசோரி: பெயர்ப்பலகைக்குப் பின்னால் ஒரு தாய்

பாலர் பள்ளிகள் பலவற்றின் பெயர்ப்பலகையில் ‘மாண்டிசோரி’ என்ற சொல்லைப் பார்த்திருப்போம். அதை ஏதோ ஒரு நிறுவனத்தின் பெயர் என்று நினைப்போரும் உண்டு. உண்மையில் அது ஓர் இத்தாலிய மருத்துவரின் பெயர்.

1870ல் கியாரவல்லே என்ற ஊரில் பிறந்த மரியா மாண்டிசோரி, 1896ல் ரோம் பல்கலைக்கழகத்தில் மருத்துவப் பட்டம் பெற்றார். பெண்கள் மருத்துவம் படிப்பதே அரிதான காலம் அது. மனநலக் காப்பகங்களில் ஒதுக்கி வைக்கப்பட்டிருந்த பிள்ளைகளைக் கவனித்தபோது, அவர்களுக்கு மருந்தைவிடக் கைக்கு வேலைதான் தேவை என்ற முடிவுக்கு வந்தார்.

ரோமில் சான் லொரென்சோ ஏழைகள் வாழ்ந்த வட்டாரம். பெற்றோர் வேலைக்குப் போனதும் தனியே விடப்பட்ட சிறுவர்கள் சுவர்களையும் படிக்கட்டுகளையும் பாழாக்கினார்கள். கட்டட உரிமையாளர்களுக்குச் செலவு மிச்சமாக வேண்டியிருந்தது. பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ள ஓர் அறை ஒதுக்கினார்கள். இப்படித்தான் 1907 ஜனவரி 6ஆம் தேதி ‘குழந்தைகளின் வீடு’ பிறந்தது.

முதல் நாள் வந்த பிள்ளைகள் அழுதார்கள், மிரண்டார்கள், வாய் திறந்து பேசவே பயந்தார்கள். மாண்டிசோரி அவர்களை அதட்டவில்லை, கொஞ்சவும் இல்லை. அவர்கள் உயரத்திற்கு ஏற்ற மேசை நாற்காலிகளைச் செய்ய வைத்தார். கை கழுவவும் மேசை துடைக்கவும் பழக்கினார். ஒருநாள் மூக்குச் சிந்துவது எப்படி என்று பாடம் நடத்தினார். பிள்ளைகள் கைதட்டினார்கள்! மூக்கு ஒழுகுகிறது என்று திட்டத்தான் எல்லாருக்கும் தெரிந்திருந்தது. சொல்லிக்கொடுக்க அதுவரை யாரும் இல்லை. மூன்று வயதுச் சிறுமி ஒருத்தி, மரக்கட்டைகளை அவற்றுக்குரிய குழிகளில் பொருத்துவதை நாற்பது முறைக்கு மேல் திரும்பத் திரும்பச் செய்தாள். அவள் உட்கார்ந்திருந்த நாற்காலியைத் தூக்கி மேசைமேல் வைத்தும் அவள் கவனம் கலையவில்லை. இன்னொரு நாள் அலமாரியைப் பூட்ட மறந்துவிட்டார்கள். பிள்ளைகள் தங்களுக்கு வேண்டியதைத் தாங்களே எடுத்து வேலையைத் தொடங்கியிருந்தார்கள். அன்றிலிருந்து அலமாரிகள் திறந்தே இருந்தன. அந்தப் பிள்ளைகளுக்கு மிட்டாயும் பரிசும்கூடப் பெரிதாகப் படவில்லை. பாலர் பள்ளி வாசலில் அழும் பிள்ளைக்கு முதலில் மிட்டாயை நீட்டும் நமக்கு இது வியப்பாகத்தான் இருக்கும்.

ஊரார் பிள்ளைகளை இப்படிப் புரிந்துகொண்டவரின் சொந்த மகன் அப்போது அவருடன் இல்லை. மரியோ 1898ல், திருமணமாகாத அவருக்குப் பிறந்தவன். தெரிந்தால் ஊர் தூற்றும், தொழிலும் போகும். குழந்தை கிராமத்தில் ஒரு செவிலித்தாயிடம் வளர்ந்தது. பதினைந்து வயதில்தான் மரியோ தாயிடம் வந்து சேர்ந்தார். அதன் பிறகும் பல ஆண்டுகள் உறவுக்காரப் பையன் என்றே உலகிற்கு அறிமுகமானார். இதற்காக மாண்டிசோரியைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. குழந்தையின் தந்தைக்கு அப்படி எந்த விலையும் கொடுக்க வேண்டியிருக்கவில்லையே.

1939ல் இருவரும் ஆசிரியர்களுக்குப் பயிற்சி அளிக்கச் சென்னை அடையாற்றுக்கு வந்தார்கள். அடுத்த ஆண்டு இத்தாலி போரில் இறங்கியது. எதிரி நாட்டவர் என்று ஆங்கிலேய அரசு மரியோவைத் தடுப்புக் காவலில் வைத்தது. தாயின் 70வது பிறந்தநாளை ஒட்டி அவரை விடுவித்தது. பிறகு கொடைக்கானலில் இருவரும் சேர்ந்து ஒரு சிறு பள்ளியை நடத்தினார்கள். பிறந்தது முதல் மூன்று வயது வரையிலான பருவத்தை மாண்டிசோரி ஆழமாக ஆராய்ந்தது இந்தியாவில்தான். இங்கே தாய்மார் போகுமிடமெல்லாம் குழந்தையை இடுப்பில் சுமந்து சென்றார்கள். குழந்தை கடைவீதியையும் பேச்சையும் பார்த்துக் கேட்டே கற்றுக்கொண்டது.

1952ல் அவர் நெதர்லாந்தில் காலமானார். அவர் தொடங்கிய அனைத்துலக மாண்டிசோரி சங்கத்தை அதன்பின் மரியோவே வழிநடத்தினார்.